வீட்டுக்குள் ஒரு ஜோடி செருப்பு

எனக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது ஒரு நாய். அதற்கு முன்னால் நான் நடந்துகொண்டுதான் இருந்தேன். ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் காலையில் நடங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராயபுரத்திலிருந்து காசிமேடு தாண்டித் திருவொற்றியூர் பக்கம் போகும் கடற்கரைச் சாலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நடப்பேன். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு இந்த உலகம் கொடுக்கிற தண்டனைகளில் இதுவும் ஒன்று என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் வரிசையாக நிறுத்தியிருந்த கன்டெய்னர் லாரி ஒன்றின் அடியிலிருந்து அந்த நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்தது. துப்பட்டாவை இழுத்துக் கட்டக்கூட நேரமில்லை, ஓடினேன். கொஞ்ச தூரத்திலேயே நாய்க்கு அலுத்துப்போய் அது நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

அன்றைக்கு வீடு திரும்பும்போது முகம் எரிந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் மனசு அவ்வளவு லேசாக இருந்தது. மறுநாள் நாய் துரத்தாமலே ஓடினேன். அப்புறம் தினமும் ஓடினேன். நான் வேலை பார்ப்பது ஒரு மெடிக்கல் ஷாப்பில். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் யாராவது என்னிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இருமல் மருந்து கேட்பார்கள், சில்லறை கேட்பார்கள், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்பார்கள். வீட்டில் கேட்பதற்கு வீட்டுக்காரர் இருக்கிறார், வெளியூர் ஹாஸ்டலிலிருந்து போனில் கேட்பதற்கு மகள் இருக்கிறாள். கடலுக்கும் லாரிகளுக்கும் நடுவில் ஓடும் அந்த நேரத்தில் மட்டும் என்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கென்று கிடைத்த நேரம் அது ஒன்றுதான். அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வீட்டுக்காரர் ஹார்பரில் கிரேன் மெக்கானிக். நான் ஓடுகிறேன் என்று தெரிந்ததும் சிரித்தார்.

"எந்த பஸ்ஸப் புடிக்கமே இந்த ஓட்டம்?"

"நீ ஏறாத பஸ்ஸு" என்றேன். அதற்கப்புறம் நான் கிளம்பும்போதெல்லாம் பஸ்ஸைப் பற்றி விசாரிப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

ஓடுவதற்கு ஷூ வேண்டும் இல்லையா. மகள் பள்ளிக்கூடத்தில் டிரில் வகுப்புக்குப் போட்டுக்கொண்டிருந்த வெள்ளை கான்வாஸ் ஷூ பரணில் சும்மா கிடந்தது. அவளுக்கும் எனக்கும் ஒரே அளவு. சும்மா கிடக்கிற பொருளைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. துவைத்து, காயவைத்து, மாட்டிக்கொண்டேன். அடியில் அப்பளம் மாதிரி ஒரு ரப்பர், அவ்வளவுதான். சாலையில் கிடக்கும் ஜல்லி ஒவ்வொன்றும் காலுக்குத் தெரியும். ஷூ என்றால் கால் அழுக்காகாமல் இருப்பதற்கு என்றுதான் அப்போது எனக்கு எண்ணம்.

சில வாரத்தில் இடது குதிகாலில் ஒரு குத்தல் தொடங்கியது. வீட்டுக்காரர் ஷூவை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகம் தேய்ந்துபோய் ஒன்றுமில்லை என்று கண்டுபிடித்தார். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் ஹார்பரிலிருந்து வரும்போது, தேய்ந்து கழித்துப்போட்ட டிரெய்லர் டயரிலிருந்து ஒரு துண்டை அறுத்துக் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் டயருக்குப் பஞ்சமில்லை. அதைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஷூவுக்கு அடியில் ஒட்டித் தைத்து வாங்கி வந்து, பெருமையோடு என் முன்னால் வைத்தார்.

"கன்டெய்னரையே தாங்குது. உன்னத் தாங்காதா?"

தாங்கியது என்னவோ உண்மைதான். ஆனால் டயர் வளையவில்லை, அமுங்கவும் இல்லை. என் கால்தான் வளைந்தது, அமுங்கியது. ஒவ்வொரு அடியும் பலகையில் சுத்தியல் இறங்குவதுபோல நேராகக் குதிகாலில் இறங்கியது. அவர் ஆசையாகச் செய்து கொண்டுவந்ததாயிற்றே என்று நானும் அதைப் போட்டுக்கொண்டே ஓடினேன். வலி கூடக் கூட, டயர் இன்னும் பழகவில்லை, பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மெடிக்கல் ஷாப்பில் நிற்பவளுக்கு வலி வந்தால் என்ன செய்வாள். அலமாரியில் இருக்கிற தைலம், களிம்பு, ஸ்பிரே ஒவ்வொன்றாக என் காலில் ஏறி இறங்கியது. மாத்திரையும் போட்டேன். கால் வலி என்று வந்து நிற்கிற ஹார்பர் ஆட்களுக்கு நான் எடுத்துக் கொடுக்கிற அதே மாத்திரைதான். போட்டால் அன்றைக்கு அடங்கும், மறுநாள் காலையில் வட்டியோடு வரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். ஓடிவிட்டு வந்த காலோடு பகல் முழுக்க சிமென்ட் தரையில் வெறுங்காலில் நிற்பேன். குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு அதன்மேல் நின்று பார்த்தேன். அட்டை நசுங்கியதுதான் மிச்சம்.

அந்த வலிக்கு ஒரு குணம் உண்டு. தூங்கி எழுந்து தரையில் வைக்கிற முதல் அடியில்தான் அதன் மொத்த பலமும் இருக்கும். குதிகாலுக்குள் உடைந்த கண்ணாடித் துண்டு இருப்பதுபோல இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நடந்தால் மெல்ல மெல்ல மழுங்கும். பல் தேய்த்து, அடுப்பைப் பற்றவைத்து, டீ கொதிக்கும் நேரத்தில் நான் நல்லபடியாக நடப்பவளாகிவிடுவேன். வீட்டுக்காரருக்கு அந்த மாதங்களில் நைட் ஷிப்ட். அவர் வீட்டுக்குள் வரும்போது நான் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டிருப்பேன். என் வலி அவர் கண்ணில் படவே இல்லை.

ஒரு நாள் கடற்கரைச் சாலையில் பாதி தூரத்திலேயே கால் சண்டித்தனம் செய்துவிட்டது. ஓட முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. கரையில் கொட்டியிருக்கும் பாறாங்கல் ஒன்றின்மேல் உட்கார்ந்து அழுதேன். வலிக்காக அழவில்லை. கிடைத்த ஒரே நேரமும் கையை விட்டுப் போகிறதே என்று அழுதேன். ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். ஓடப் போனவள் ஆட்டோவில் வருகிறாளே என்று தெருவில் ரெண்டு பேர் பார்த்தார்கள், எனக்கு அவமானமாக இருந்தது.

அதற்கப்புறம்தான் பிசியோதெரபி பார்க்கிற ஒரு பெண்ணிடம் போனேன். அவள் என்னை மேஜையில் படுக்கவைத்து, என் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து, பெருவிரலை மேலே வளைத்து, குதிகாலுக்கு முன்னால் ஓரிடத்தில் கட்டைவிரலால் அழுத்தினாள். நான் மேஜையிலிருந்து எழுந்தே விட்டேன். குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் பாதத்துக்கு அடியில் ஒரு தடித்த நார் போகிறது, ஒவ்வொரு அடியிலும் அதை இழுத்து இழுத்துப் புண்ணாக்கி வைத்திருக்கிறீர்கள் என்றாள். ஷூவைப் பார்த்தாள், அடியில் இருந்த டயரைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை ஒரு ஓரமாக வைத்தாள்.

"இத இனிமே தொடாதீங்க. இப்போதைக்கு ஓடவும் வேணாம். சுவத்தப் புடிச்சு ஆடுசதைய இழுங்க. பாட்டில்ல தண்ணி ஊத்தி ஐஸாக்கி அதக் காலுக்கடியில உருட்டுங்க. இதெல்லாத்தையும் விட முக்கியம், வெறுங்கால தரையில வைக்கவே கூடாது. கட்டில விட்டு எறங்கும்போதே மெத்துன்னு ஒரு செருப்பு காலுல இருக்கணும். வீட்டுக்குள்ளயும்தான்."

"வீட்டுக்குள்ளயா?" என்றேன்.

"வீட்டுக்குள்ளதான் முக்கியம். சில மாசம் ஒழுங்கா இருந்தா மறுபடி ஓடலாம். இல்லன்னா ஓட்டத்த மறந்துடுங்க."

கடை முதலாளி பிரச்சினை செய்யவில்லை. "கடைக்குன்னு தனியா ஒரு ஜோடி வெச்சுக்கம்மா, வெளிய போட்டுக்கினு போவாத, அவ்ளோதான்" என்று முடித்துவிட்டார். வண்ணாரப்பேட்டையில் ஒரு செருப்புக் கடையில் மெத்தென்று ரெண்டு ஜோடி வாங்கினேன். அப்படியே ஓடுகிற ஷூவும் பார்த்தேன். விரல் மடங்குகிற இடத்தில் மட்டும் மடங்க வேண்டும், நடுவில் முறுக்கினால் முறுக்கக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பியிருந்தாள். கடையில் இருந்த ஷூவையெல்லாம் எடுத்து ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கினேன். கடைக்கார பாய் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "யம்மா, தொவச்சுக் காயப் போடவா எடுக்குறீங்க?" என்று கேட்டுவிட்டு, தானும் ஒன்றை எடுத்து முறுக்கிப் பார்க்கத் தொடங்கினார். கடைசியில் முறுக்குக்கு மசியாத ஒரு ஜோடி கிடைத்தது. அதைப் பெட்டியோடு கொண்டுவந்து வாசல் பக்கத்து அலமாரியில் வைத்தேன்.

இனி வீடு. எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். வாசலைத் திறந்ததும் முன்னறை, அதில்தான் எங்கள் கட்டில். அதற்கடுத்து நடுவறை. நடுவறைச் சுவரில் மரப் பீடம், அதில் மாதா சுரூபம், மேலே இயேசுவின் திருஇருதயப் படம், சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. அதைத் தாண்டினால் சமையலறை, பாத்ரூம். கட்டிலிலிருந்து எங்கே போவதானாலும் மாதாவைக் கடந்துதான் போக வேண்டும். சாமியார் வந்து வீடு மந்திரித்த நாளிலிருந்து அந்தப் பீடம் அங்கேதான் இருக்கிறது.

வீட்டுக்காரர் கோயிலில் பூசைக்கு ஒரு ஞாயிறு போவார், ஒரு ஞாயிறு தூங்கிவிடுவார். ஆனால் கால் கழுவுவதில் மட்டும் தவறமாட்டார். ஹார்பர் கிரீஸும் தூசியும் அப்பிய ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு, குழாயடியில் முழங்கால் வரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் படியேறுவார். வெளியில் இருக்கிற கலீஜ் எதுவும் உள்ளே வரக்கூடாது, அதுதான் அவருடைய பக்தி. விருந்தாளி யாராவது மறந்துபோய் செருப்போடு ஒரு எட்டு வைத்துவிட்டால் அவர் முகம் சுண்டிப்போகும்.

புதுச் செருப்போடு நான் சமையலறையிலிருந்து வந்ததை அன்றைக்கு அவர் பார்த்தார்.

"இன்னாமே இது?"

"செருப்பு. கால் வலிக்கு வூட்டுக்குள்ளயும் போட்டுக்கச் சொல்லியிருக்காங்க."

"மாதா கீற வூடுமே இது."

"புதுசுபா. வெளிய ஒரு அடி வெச்சதில்ல. அடியில பாரு, ஒரு பொட்டு தூசி கீதா?"

"புதுசா பழசான்றது இல்ல. செருப்பு செருப்புதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓடப் போய்தான இந்தப் பேஜாரு? ஓடறத வுட்டுட்டா செருப்பு எதுக்கு? நல்லாத்தான நடக்குற?" என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வலிக்கிறது என்று சொன்னேன், காலையில் வலிக்கிறது என்று சொன்னேன். அவர் சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன், சண்டையில் அவருக்கு என்னோடு சரிவராது. அவர் சண்டை போடவில்லை. சாப்பிடும்போது என் காலைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பாதியில் கையைக் கழுவிக்கொண்டார்.

ஓட்டத்தை விட என்னால் முடியாது. செருப்பைப் போடாவிட்டால் ஓட முடியாது. அதனால் நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். முன்னறையில் செருப்பு. நடுவறை நிலைப்படி வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வேன். மாதாவுக்கு முன்னால் வெறுங்காலில் கடப்பேன். சமையலறை வந்ததும் மறுபடி மாட்டிக்கொள்வேன். அவருக்காக மட்டும்தான் இப்படிச் செய்தேன் என்றால் அது பொய். எனக்கும் மாதா முன்னால் செருப்போடு நிற்கக் கூசியது. சிவப்பு விளக்கு எரிகிற அறையில் நான் ஒரு நாளும் செருப்போடு நின்றதில்லை. டாக்டர்களுக்குக் காலைத்தான் தெரியும், இதெல்லாம் தெரியாது என்று முணுமுணுத்துக்கொண்டே கடப்பேன்.

பாட்டிலை உருட்டினேன், சுவரைத் தள்ளினேன். "செவுத்தத் தள்ளிக்கினு இன்னாக்கா பண்ற, வூடு இடியப் போவுதா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் வழியாகக் கேட்டாள். ஆனாலும் கால் தேறவில்லை. சிகிச்சையின் பலனையெல்லாம் அந்த நடுவறை தினமும் காலையில் பறித்துக்கொண்டது. முதல் அடிகள் எந்த நேரத்தில் மோசமோ, அந்த நேரத்தில்தான் நான் வெறுங்காலில் மொசைக் தரையில் நடந்துகொண்டிருந்தேன். அலமாரியில் புது ஷூ பெட்டியைத் திறக்காமலே இருந்தது.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் அவருக்கு ஷிப்ட் மாறியது. மதியம் போனால் போதும். பல மாதங்களுக்குப் பிறகு விடியற்காலையில் அவர் கட்டிலில் இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். வழக்கம்போலக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பாதத்தைப் பிசைந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நிலைப்படி வரைக்கும் போனேன். அங்கே கழற்றினேன். எப்போதும்போல மாதா கண்ணில் படாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டு முதல் அடியை வைத்தேன். அன்றைக்கு வலி வழக்கத்தைவிட அதிகம். "மாதாவே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பாதி அறையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செருப்பு மட்டும் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. அவர் நிலைப்படியில் வந்து நின்றார்.

"எத்தினி நாளாமே இப்டி?"

"தெனமும்தான்."

"சொல்லவே இல்லியே."

"சொன்னேன். நீ நம்பல."

அவர் என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த செருப்பைப் பார்த்தார், அப்புறம் நிமிர்ந்து மாதாவைப் பார்த்தார். கையைக் கொடுத்து என்னைத் தூக்கி, சமையலறையில் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு டீ போட்டார். டீயில் சர்க்கரை இருந்தது. எனக்கு ஆகாது என்று தெரிந்தும் குடித்தேன். கொஞ்சம் சமாளித்துக்கொண்டு கடைக்குப் போனேன். பகல் முழுக்க மனசு அவரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தது. பார்த்தாயே, பார்த்த பிறகும் செருப்பைப் போட்டுக்கொள் என்று ஒரு வார்த்தை உன் வாயில் வரவில்லையே என்று, வாடிக்கையாளருக்கு மாத்திரை கத்தரிக்கும்போதெல்லாம் அவரைத் திட்டினேன்.

சாயங்காலம் தெரு முனையிலேயே டிரில்லிங் மெஷின் சத்தம் கேட்டது. யார் வீட்டிலோ என்று நினைத்துக்கொண்டு வந்தேன், எங்கள் வீட்டில்தான். வேலைக்கு லீவு போட்டுவிட்டிருந்தார். வாசலைத் திறந்ததும் எனக்கு நேராக மாதா நின்றுகொண்டிருந்தார். மேலே திருஇருதயப் படம், பக்கத்தில் சிவப்பு பல்பு, புதிதாக இழுத்த ஒயர். கட்டில் முன்னறையில் இல்லை. அதை நடுவறைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். பழைய சுவரில் பீடம் இருந்த இடம் மட்டும் வெளுத்து, நாலு ஓட்டையோடு தெரிந்தது. ஒரே நாளில் வீட்டையே திருப்பி வைத்துவிட்டு, தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு ஸ்டூலின்மேல் நின்றிருந்தார்.

"மாதா வாசலாண்டயே இருக்கட்டும். வரவன் போறவன அவங்களே பாத்துப்பாங்க" என்றார். "நீ உள்ள செருப்பு போட்டுக்கினு நட. கட்டில்லருந்து கிச்சனுக்கு இப்ப யாரும் குறுக்கால இல்ல."

"வெளிய போறப்ப மாதாவக் கடக்கணுமே?" என்றேன். இந்த மனுஷனிடம் குறை கண்டுபிடிக்கிற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா.

அவர் கீழே கை காட்டினார். நடுவறை நிலைப்படியிலிருந்து வாசல் வரைக்கும் தடியாக ஒரு கறுப்பு ரப்பர் பாய் விரித்திருந்தது. "அதுக்குத்தான் இது. கடைல செருப்பக் கழட்டிட்டு ஒவ்வொண்ணு மேலயும் ஏறி நின்னு பாத்தேன்மே. டயர் மாதிரி கீறதெல்லாம் வேணான்ட்டேன்."

வெறுங்காலோடு அதன்மேல் நின்றேன். குதிகால் மெத்தென்று அமுங்கியது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன், அவர் முன்னாலேயே அழுதேன். கடைக்கு நடுவில் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பாயைச் சோதிக்கிற ஹார்பர் மெக்கானிக்கை நினைத்துப் பார்த்ததும் அழுகையோடு சிரிப்பும் வந்தது.

மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்போடு நடந்தேன். வெளுத்த சுவர் வந்ததும் கால் தானாக நின்றது. கொஞ்ச நேரம் நின்று அந்த நாலு ஓட்டையைப் பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, செருப்போடு சமையலறைக்குப் போனேன்.

குணமாக நாளாயிற்று. கோடை போய், மழைக்காலம் தொடங்கும்போதுதான் அந்த பிசியோதெரபி பெண் கொஞ்சமாக ஓடிப் பாருங்கள் என்றாள். நடந்து, ஓடி, நடந்து, ஓடி, வலித்தால் நிறுத்த வேண்டும். முதல் நாள் விடியற்காலையில் புது ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு, நிலைப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, ரப்பர் பாயில் மாதாவைக் கடந்து வாசலுக்கு வந்தேன். படியில் உட்கார்ந்து நாடாவைக் கட்டினேன். மறுபடி நைட் ஷிப்ட்டுக்கு மாறியிருந்த அவர், வேலை முடிந்து அப்போதுதான் வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட என் ஷூவை ஒரு முறை பார்த்தார். குனிந்து, விரல் நுனியால் அதன் அடியை அமுக்கிப் பார்த்தார்.

நான் எழுந்து நின்று இடது காலை மெல்ல ஊன்றினேன். பயமாக இருந்தது. கிளம்பாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

"இன்னாமே நிக்கிற?" என்றார். "பஸ்ஸு பூடப் போவுது, ஓடு."